மனநல மருத்துவரிடம் செல்லுமுன் ஒரு தாள் எழுதுவோம்



சர்க்கரை நோய் உள்ள பெரியவர்கள் வாழும் வீடுகளில் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் இருக்கும். வெறும் வயிற்றில் எவ்வளவு, உணவுக்குப் பின் எவ்வளவு, எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்று தேதி வாரியாக எழுதி வைத்திருப்பார்கள். மருத்துவரிடம் செல்லும்போது மறவாமல் எடுத்துச் செல்வார்கள். அதே வீட்டிலிருந்து ஒருவர் மனநல மருத்துவரைப் பார்க்கப் புறப்பட்டால் அப்படி எதுவும் கொண்டு செல்லப்படுவதில்லை. யார் கண்ணிலும் படாமல் போய் வரவேண்டும் என்ற கவலையே மேலோங்கி நிற்கிறது. அங்கே என்ன சொல்லப்போகிறோம் என்பதை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

மனநல மருத்துவரைச் சந்திக்குமுன் ஒரு தாளில் குறிப்பு எழுதிக்கொள்ளுங்கள். அதனை நோயுற்றவரே தம் சொற்களில் எழுதட்டும். இவ்வளவே நாம் இங்கே வலியுறுத்த விரும்புவது. இதனை நாம் நூல்களிலிருந்து கற்கவில்லை. நாமே செய்த ஒரு பிழையிலிருந்து கற்றோம். ஆகவே அப்பிழையிலிருந்தே தொடங்குகிறோம். சம்பந்தப்பட்ட மாணவரும் அவருடைய பெற்றோரும் சம்மதித்த பின்னரே இதனை எழுதுகிறோம். பெயரையும் ஊரையும் தவிர்த்திருக்கிறோம்.

நாம் செய்த பிழை

நாம் பாடம் நடத்தும் மதரஸாவில் பதினேழு வயது மாணவர் ஒருவர் இருந்தார். நல்ல மனனம், இனிய கிராஅத். ஓராண்டு ரமளானுக்குப் பிறகு அவர் ஜமாஅத் தொழுகைக்குத் தாமதமாக வரத் தொடங்கினார். விசாரித்தபோது, உளூச் செய்யும் இடத்தில் நெடுநேரம் நிற்கிறார் என்று உடன் பயிலும் மாணவர்கள் கூறினர். தக்பீர் கட்டியவுடன் கையை அவிழ்த்து மீண்டும் கட்டுவதை நாமும் கண்டோம்.

அவரை அழைத்து, "இது ஷைத்தானின் ஊசலாட்டம். அவூது ஓதிவிட்டு அதைப் பொருட்படுத்தாமல் இருந்துகொள்ளுங்கள்" என்று அறிவுரை கூறினோம். அத்துடன் காலையிலும் மாலையிலும் நூறு முறை ஓதும்படி ஒரு திக்ரையும் கொடுத்தோம். அந்த நூறைச் சரியாக எண்ணினோமா என்ற ஐயத்தில் அவர் மீண்டும் மீண்டும் முதலிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தார் என்பது நமக்குப் பல வாரங்கள் கழித்தே தெரியவந்தது. நாம் கொடுத்த மருந்து நோய்க்குத் தீனியாகிவிட்டது.

அவருடைய தந்தையாரை வரவழைத்தோம். அவர் மகனை ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். நாமும் உடன் சென்றோம். அறையில் நான்கு பேர் அமர்ந்திருந்தோம். மருத்துவர் கேட்டவற்றுக்கெல்லாம் தந்தையார் பதில் கூறினார். "தூக்கம் சரியில்லை. பாடத்தில் கவனம் இல்லை. கண்ணூறு பட்டிருக்கலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள்" என்றார். இடையில் நாமும் புகுந்து, "நல்ல பிள்ளை, ஒழுக்கமானவர்" என்று சான்று பகர்ந்தோம். மருத்துவர் மாணவரைப் பார்த்து, "தம்பி, நீங்கள் சொல்லுங்கள்" என்றபோது அவர் தரையைப் பார்த்தவாறு, "ஒன்றுமில்லை" என்றார். வெளியில் இன்னும் பலர் காத்திருந்தனர். தூக்கத்திற்கு மாத்திரை எழுதித் தரப்பட்டது. நாங்கள் திரும்பினோம்.

அந்த மருத்துவரைக் குறை கூறுவதற்கில்லை. தமக்குச் சொல்லப்பட்டதற்கே அவர் மருந்து தந்தார். உண்மையான நோய் அந்த அறையில் ஒரு சொல்லாகக்கூட வெளிப்படவில்லை.

அவர் எழுதிய தாள்

மாணவருடைய தாயாரின் மூத்த சகோதரி ஓய்வுபெற்ற செவிலியர். அடுத்த முறை செல்வதற்கு இரண்டு நாட்களுக்கு முன் அவர் ஒரு தாளையும் பேனாவையும் கொடுத்து, "உனக்கு என்ன நடக்கிறதோ அதை எழுது. நான்கூடப் படிக்கமாட்டேன். டாக்டரிடம் நீயே கொடு" என்றாராம். மாணவர் எழுதியதைப் பின்னொரு நாள் அவரே நம்மிடம் காட்டினார். அதன் சாரம் வருமாறு:

"உளூச் செய்ய முக்கால் மணி நேரம் ஆகிறது. முன்பு ஐந்து நிமிடம்தான் ஆகும். ரமளான் முடிந்த பிறகு ஆரம்பித்தது. தக்பீர் சொன்னேனா இல்லையா என்று சந்தேகம் வந்து எட்டு, பத்துத் தடவை கட்டுகிறேன். சுப்ஹுக்கு இரண்டரை மணிக்கே எழுந்துவிடுகிறேன், இல்லையென்றால் முடிக்க முடியாது. கைத் தோல் வெடித்து எரிகிறது. தொழும்போது அல்லாஹ்வைப் பற்றி வாயால் சொல்ல முடியாத எண்ணங்கள் வருகின்றன. நான் அவற்றை விரும்பவில்லை. நான் காஃபிர் ஆகிவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது. இதை அத்தாவுக்கும் ஹஜ்ரத்துக்கும் முன்னால் சொல்ல முடியாது."

அந்தக் கடைசி வரியைப் படித்தபோது நமக்கு வெட்கமாக இருந்தது. அவருக்குத் துணையாகச் சென்றதாக நாம் எண்ணியிருந்தோம். அவர் வாயைத் திறக்க முடியாமல் போனதற்கு நாமும் ஒரு காரணமாக இருந்திருக்கிறோம்.

மருத்துவர் அந்தத் தாளைப் படித்துவிட்டு எங்களை வெளியே அமரச் சொன்னார். மாணவரிடம் தனியே பேசினார். அது ஓ.சி.டி. என்று அழைக்கப்படும் நோய் என்றும், மருந்தோடு, ஐயம் எழுந்தாலும் மீண்டும் செய்யாமலிருக்கப் படிப்படியாகப் பழக்கும் பயிற்சியும் தேவை என்றும் விளக்கினார். நம் ஃபிக்ஹு நூல்களும் அடிக்கடி ஐயத்திற்கு ஆளாகிறவர் அந்த ஐயத்தைப் பொருட்படுத்தலாகாது என்றே கூறுகின்றன. மருத்துவரின் பயிற்சியும் மார்க்கச் சட்டமும் ஒரே திசையைக் காட்டின. அல்ஹம்துலில்லாஹ், அம்மாணவர் இன்று ஐந்து நிமிடத்தில் உளூச் செய்கிறார். சில நாட்களில் பத்து நிமிடம் ஆகிறது. அதையும் அவர் குறித்து வைக்கிறார்.

அவர் சொல்ல அஞ்சிய எண்ணங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நபித்தோழர்கள் சிலர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, நாவால் சொல்வதற்கே பெரும் பாரமாகத் தோன்றும் எண்ணங்கள் தங்கள் உள்ளத்தில் எழுவதாக முறையிட்டதும், அவ்வெண்ணங்களை அவர்கள் வெறுத்து அஞ்சுவதே தெளிவான ஈமானின் அடையாளம் என்ற கருத்தில் நபியவர்கள் பதிலளித்ததும் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளன. இந்த ஹதீஸை நாம் ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறோம். நம் முன்னால் அமர்ந்திருந்த மாணவருக்கே அது தேவைப்பட்டது என்பதை அறியாமல் நடத்திக்கொண்டிருந்தோம்.

சொல் யாருக்கு உரியது?

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். அது கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது. மருத்துவத்திற்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆயினும் அதில் அமைந்துள்ள ஓர் ஒழுங்கு நம் சிந்தனைக்குரியது. எழுத்தர் எழுத வேண்டும். ஆனால் எவர் மீது பொறுப்பு இருக்கிறதோ அவரே வாசகத்தைச் சொல்ல வேண்டும். அவரால் இயலாத நிலை இருந்தால் மட்டுமே அவருடைய பொறுப்பாளர் சொல்லலாம். அப்போதும் நீதியோடு சொல்ல வேண்டும்.

பொருள் பற்றிய விவகாரத்திலேயே உரியவரின் வாய்ச்சொல்லுக்கு இவ்வளவு மதிப்பளிக்கப்படுகிறதென்றால், ஒருவருடைய மனவேதனையைப் பற்றிய சொல் யாருக்கு உரியதாக இருக்க வேண்டும்? நம் வீடுகளில் மகனுக்காகத் தந்தை பேசுகிறார். மனைவிக்காகக் கணவர் பேசுகிறார். மாமியாருக்காக மருமகள் பேசுகிறார். அன்பினால்தான் பேசுகிறார்கள். ஆனால் அவர்கள் சொல்வது அவர்கள் கண்டதை மட்டுமே. உள்ளே நடப்பதை அனுபவிப்பவர் ஒருவரே அறிவார்.

நோயுற்றவரின் குரல் முற்றிலும் இல்லாமல் போனால் அது எங்கே கொண்டு போய்விடும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே கொடிய சான்று உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் காப்பகம் ஒன்றில் பற்றிய தீயில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் உயிரிழந்தனர். நம் நிலைமை அதனினும் வெகு தொலைவில் இருப்பதாக நாம் எண்ணலாம். பேச வாய்ப்பளிக்கப்படாத ஒருவர் நம் வீட்டில் இருக்கும்வரை அத்தொலைவு நாம் நினைப்பதைவிடக் குறைவே.

எழுப்பப்படும் தடைகள்

இதனை நாம் சொல்லும்போது மூன்று மறுப்புகள் எழுகின்றன.

முதலாவது, "துன்பத்தை அல்லாஹ்விடம் மட்டுமே முறையிட வேண்டும், யஃகூப் (அலை) அவர்கள் அப்படித்தானே செய்தார்கள்?" என்பது. ஆம், அவர்கள் தம் கவலையை அல்லாஹ்விடமே முறையிட்டார்கள். விதியை நொந்து மனிதர்களிடம் புலம்புவது வேறு. நோயை விவரித்துச் சிகிச்சை தேடுவது வேறு. நபி (ஸல்) அவர்களே தமக்குத் தலைவலி இருப்பதை ஆயிஷா (ரலி) அவர்களிடம் கூறியதை இமாம் புகாரீ பதிவு செய்துள்ளார்கள். நோயாளி தம் வலியை வெளிப்படுத்தலாம் என்பதற்கெனவே தம் நூலில் ஒரு பாடத்தலைப்பும் அமைத்துள்ளார்கள். மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று கேட்ட கிராமத்து அரபிகளிடம், செய்துகொள்ளுங்கள் என்று நபியவர்கள் அனுமதித்ததை அபூதாவூதிலும் திர்மிதீயிலும் காண்கிறோம்.

இரண்டாவது, "வீட்டுக் குறைகளை எழுதினால் அது புறம் பேசுவதாகாதா?" என்பது. பெண்களே இதனை மிகுதியும் கேட்கின்றனர். கணவரின் கோபம், அடி, குடும்பத்தாரின் ஏச்சு ஆகியவை தம் நோய்க்குக் காரணமாக இருந்தும் அவற்றை மறைத்து, "தலைவலி" என்று மட்டும் சொல்லித் திரும்பும் சகோதரிகள் பலர். ஹிந்த் பின்த் உத்பா (ரலி) அவர்கள் தம் கணவர் அபூசுஃப்யான் (ரலி) அவர்கள் போதிய செலவுத்தொகை தருவதில்லை என்று நபியவர்களிடம் நேரடியாகவே முறையிட்டார்கள். நபியவர்கள் அவர்களைக் கண்டிக்கவில்லை, வழி கூறினார்கள். இமாம் நவவீ அவர்கள் ரியாளுஸ் ஸாலிஹீனில் புறம் அனுமதிக்கப்படும் ஆறு சந்தர்ப்பங்களை விவரிக்குமிடத்தில் இந்த நிகழ்வையே ஆதாரமாகக் காட்டுகிறார்கள். தீர்வு தேடி, தேவையான அளவு, உரியவரிடம் சொல்வது புறமாகாது.

மூன்றாவது, "எழுதிய தாள் யார் கையிலாவது கிடைத்துவிட்டால்?" என்ற அச்சம். பெண்ணின் திருமணப் பேச்சு கெட்டுவிடும் என்று பெற்றோர் கலங்குகின்றனர். இந்த அச்சத்தை நாம் எள்ளி நகையாட மாட்டோம். நம் சமுதாயத்தின் நாவு அப்படித்தான் இருக்கிறது. தாளில் பெயர் எழுதவேண்டிய அவசியமில்லை. மருத்துவர் படித்ததும் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். நம் நாட்டின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், சில விலக்குகளைத் தவிர, நோயாளியின் தகவல் ரகசியமாகக் காக்கப்படுவதை உரிமையாகவே வழங்கியுள்ளது.

மனநோயை ஆய்ந்து எழுதுவது நம் முன்னோருக்குப் புதிதும் அன்று. கி.பி. 934இல் மறைந்த அபூஸைத் அல்பல்கீ அவர்கள் உடல்நலமும் உளநலமும் குறித்து இயற்றிய நூலில் கோபம், அச்சம், துயரம், ஊசலாட்டம் ஆகிய நான்கையும் தனித்தனியே ஆராய்கிறார்கள். உடலுக்கு மருந்து இருப்பதைப் போல உள்ளத்திற்கும் உண்டு என்பது அவர்களின் நிலைப்பாடு. அதே காலத்தவரான மருத்துவர் அர்ராஸீ அவர்கள் தம் நோயாளிகளைப் பற்றி எழுதிவைத்த குறிப்புகள் இன்றும் ஆராயப்படுகின்றன.

என்ன எழுதுவது?

ஒரு பக்கம் போதும். மருத்துவருக்கு நேரம் குறைவு; ஆகவே மிகவும் வருத்தும் இரண்டு மூன்று செய்திகள் மேலே இருக்கட்டும். தமிழிலேயே எழுதலாம், எழுத்துப் பிழை பற்றிக் கவலை வேண்டாம்.

எப்போது தொடங்கியது, அதற்குச் சற்று முன் வாழ்வில் என்ன நேர்ந்தது என்பதை எழுதுங்கள். மரணம், பிரசவம், கடன், வெளிநாட்டிலிருந்து திரும்பியது, தேர்வில் தோல்வி என எதுவாகவும் இருக்கலாம். தூக்கம், உணவு, வேலை, படிப்பு, தொழுகையில் கவனம் ஆகியவை முன்பு எப்படி இருந்தன, இப்போது எப்படி இருக்கின்றன என்று ஒப்பிடுங்கள். இயன்ற இடங்களில் எண்ணிக்கை தாருங்கள். "தூக்கமே இல்லை" என்பதைவிட, "ஒரு மணிக்குத் தூங்கி மூன்றரைக்கு விழிக்கிறேன்" என்பது மருத்துவருக்கு மிகுதியும் உதவும்.

நோயின் பெயரை நீங்கள் தீர்மானிக்க வேண்டாம். "ஜின் பிடித்திருக்கிறது" என்றோ "டிப்ரஷன்" என்றோ எழுதாமல், நடப்பதை எழுதுங்கள். "யாரும் இல்லாதபோது என் பெயரைச் சொல்லி அழைக்கும் குரல் கேட்கிறது, வாரத்தில் நான்கு நாட்கள், இரவில்" என்று எழுதினால் போதும். ஓதிப் பார்த்திருந்தால் அதையும், தாயத்து, நாட்டு மருந்து, யூனானி மருந்து எடுத்திருந்தால் அவற்றையும் மறைக்காமல் சேருங்கள். தற்போது உட்கொள்ளும் எல்லா மாத்திரைகளின் பெயரும் அளவும் வேண்டும். பழைய சீட்டுகளையும் எடுத்துச் செல்லுங்கள். தைராய்டு கோளாறு மனநிலையையும் பாதிக்கும் என்பதால் உடல் நோய்களும் இடம்பெற வேண்டும். குடும்பத்தில் எவருக்கேனும் முன்பு இத்தகைய நோய் இருந்திருந்தால் அதனையும் தெரிவியுங்கள்.

நோன்பு பற்றி ஒரு கேள்வியைத் தவறாமல் எழுதிக்கொள்ளுங்கள். ரமளானில் தாமாகவே மாத்திரையை நிறுத்திவிட்டு, பெருநாளைக்குள் நோய் முற்றிப் போனவர்களை நாம் கண்டிருக்கிறோம். சில மருந்துகளின் வேளையை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்றிக்கொள்ள இயலும். சிலவற்றை மாற்ற இயலாது. லித்தியம் உட்கொள்பவரின் உடலில் நீர் வற்றினால் அம்மருந்தே நஞ்சாகும் அபாயம் உண்டு. நோயாளிக்கு நோன்பில் சலுகை அளித்தவன் அல்லாஹ்வே. அது உங்களுக்குப் பொருந்துமா என்பதை மருத்துவரின் கருத்தை அறிந்த பின் ஓர் ஆலிமிடம் கேளுங்கள்.

கடைசியாக, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்திருந்தால் அதனைக் கட்டாயம் எழுத வேண்டும். தற்கொலை ஹராம் என்பதை அறிந்திருப்பதாலேயே நம் பிள்ளைகள் அந்த எண்ணத்தை வெளியே சொல்ல அஞ்சுகின்றனர். விருப்பமின்றி வரும் எண்ணம் பாவமாகாது. விரிவாக எழுத முடியாவிட்டால், "தனியாகப் பேச வேண்டும்" என்று ஒரு வரி எழுதினாலும் மருத்துவர் புரிந்துகொள்வார். அந்த எண்ணம் வலுத்தால் சந்திப்பு நாள்வரை காத்திருக்கலாகாது. உடனே அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அல்லது 'டெலி மானஸ்' இலவச எண்ணான 14416ஐ எந்நேரமும் அழையுங்கள். தமிழிலேயே பேசலாம்.

குடும்பத்தாருக்கு

நீங்கள் கண்டவற்றைச் சொல்வதும் அவசியமே. நோயுற்றவர் தம் நிலையை உணராத நோய்களும் உண்டு. எழுத இயலாத அளவு சோர்ந்தவர்களும் உண்டு. அத்தகையோருக்கு உங்கள் சாட்சியமே ஆதாரம். ஆனால் அதனைத் தனித் தாளில் எழுதுங்கள். கண்டதையும் கேட்டதையும் மட்டும் எழுதுங்கள். "சோம்பேறி", "ஈமான் குறைவு", "நடிக்கிறாள்" போன்ற தீர்ப்புகள் அதில் வேண்டாம். அவருடைய தாளை அவர் கொடுத்தாலன்றிப் படிக்காதீர்கள். "நாங்கள் வெளியே இருக்கிறோம்" என்று நீங்களே முதலில் சொல்லி எழுந்திருங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவராக இருந்தால், அவர் நம்பும் ஒருவர் அவர் சொல்வதைத் திருத்தாமல் எழுதிக்கொடுக்கட்டும்.

நம்மைப் போன்ற உஸ்தாத்மார்களுக்கும் ஆலிமாக்களுக்கும் இதையே கூறிக்கொள்கிறோம். மக்கள் முதலில் நம்மிடம்தான் வருகிறார்கள். ஓதிப் பார்ப்போம், துஆச் செய்வோம். அத்துடன் ஒரு தாளையும் கையில் கொடுத்து மருத்துவரிடம் அனுப்புவோம். ஏர்வாடியிலும் இன்று துஆவோடு மருந்தும் சேரவேண்டும் என்ற நோக்கில் தர்காவுக்கு வருவோருக்கு அரசு மனநல சிகிச்சை வழங்கப்படுகிறது. அங்கே அது இயலுமானால் நம் மஹல்லாக்களிலும் இயலும்.

அம்மாணவரின் தாள் மடிப்பு கிழிந்த நிலையில் இன்னும் அவரிடம் இருக்கிறது. மீண்டும் எப்போதேனும் ஐயம் மேலிட்டால் அதனை எடுத்துப் படித்து, எங்கிருந்து எதுவரை வந்திருக்கிறோம் என்று பார்த்துக்கொள்வதாகக் கூறினார்.

யா அல்லாஹ்! நோயுற்ற எங்கள் உள்ளங்களுக்கு ஷிஃபா அளிப்பாயாக! சொல்ல முடியாமல் தவிப்பவர்களுக்குச் சொல்லும் துணிவையும், அருகில் இருப்பவர்களுக்குக் கேட்கும் பொறுமையையும் தருவாயாக! ஆமீன்.